ஒரே மெட்டு, ஐந்து பதிவுகள்

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக அகளிக்கு வந்து வேலை பார்க்கும் நம்மவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்பினால், ஒரு வாரத்துக்கு டீக்கடையில் அதே பேச்சுத்தான். "கச்சேரியில் அந்தப் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள், ரிக்கார்டில் கேட்ட மாதிரி இல்லை" என்பார் ஒருவர். "ரிக்கார்டை ஒப்பிப்பதற்கா கச்சேரி வைப்பது?" என்பார் இன்னொருவர். டீ ஆறிவிடும், வழக்கு தீராது.

இதே வழக்கு அமெரிக்காவில் ஒரு படைப்பைப் பற்றி நூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. ‘ராப்சொடி இன் புளூ’ என்பது அதன் பெயர். பியானோவும் வாத்தியக் குழுவும் மாறிமாறிப் பேசிக்கொள்ளும் இசை. இயற்றியவர் ஜார்ஜ் கெர்ஷ்வின். ரஷ்யாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பத்தில் 1898இல் நியூயார்க்கில் பிறந்தவர்.

விளையாட்டாக வந்த வளைவு

ஜாஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த செல்வம். ஸ்வரத்தைச் சற்றே இறக்கி, வளைத்து, ஏக்கம் தொனிக்க வாசிப்பது அதன் குணம். கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது அந்நியமாகப் படாது. அந்தக் குணத்தை எடுத்துத்தான் கெர்ஷ்வின் தம் படைப்பை அமைத்தார். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் பால் ஒயிட்மன் குழு அதை அரங்கேற்றியது. ஜாஸை வளர்த்த கறுப்பர் ஒருவர்கூட அந்தக் குழுவில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொடக்கத்தில் கிளாரினெட் கீழ் ஸ்தாயியிலிருந்து படிப்படியாக ஏறுவதாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஒத்திகையில் ராஸ் கோர்மன் என்ற கலைஞர் அதை விளையாட்டாக வழுக்கிக்கொண்டே ஏற்றினார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துப் போயிற்று, அதுவே நிலைத்துவிட்டது. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டைக் கேட்டவர்கள், அந்த வாத்தியம் எப்படியெல்லாம் வளையும் என்பதை அறிவார்கள்.

தட்டுக்குள் அடங்கியது

1924 ஜூனில் முதல் இசைத்தட்டு வந்தது. பியானோ வாசித்தவர் கெர்ஷ்வினே. மைக் இல்லாத காலம். ஒரு பெரிய குழலின் முன்னே எல்லாரும் நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள். ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடந்தான் கொள்ளும். ஆகவே பதினாறு நிமிடப் படைப்பை வெட்டி இரு பக்கங்களில் சுமார் ஒன்பது நிமிடமாக்கினார்கள். நம் வித்வான்களும் அக்காலத்தில் ஆலாபனையைச் சுருக்கித் தட்டுக்குள் பாடியவர்கள்தானே!

1927இல் மைக் வைத்து மறுபடியும் பதிவு செய்தார்கள். வாசித்தவர் கெர்ஷ்வின், நீளம் அதே ஒன்பது நிமிடம், ஒலி மட்டும் தெளிவு. இரண்டு தட்டிலும் துள்ளல் இருக்கிறது. நடனக் கொட்டகை வாசனை வீசுகிறது. எங்கும் நின்று உருகுவதில்லை.

1925இல் காகிதச் சுருளில் துளைகளாகவும் கெர்ஷ்வின் தம் வாசிப்பைப் பதித்தார். அதைத் தானியங்கிப் பியானோவில் மாட்டினால் பியானோ தானே வாசிக்கும். 1976இல் மைக்கேல் டில்சன் தாமஸ் ஒரு யுக்தி செய்தார். சுருளில் வாத்தியக் குழுவின் பங்குக்குரிய துளைகளை அடைத்துவிட்டு, கெர்ஷ்வினின் தனிப் பங்கை மட்டும் ஓடவிட்டு, அதனோடு ஒரு ஜாஸ் குழுவை வாசிக்க வைத்தார். இறந்து 39 ஆண்டுகளான கலைஞருக்குப் பக்கவாத்தியம்! குழு மூச்சிறைக்க ஓடுகிறது.

பெரிய மண்டபத்தில்

கெர்ஷ்வின் 1937இல் தமது 38ஆம் வயதில் மூளைக்கட்டியால் மறைந்தார். 1942இல் இதே படைப்பு பெரிய இசைக்குழுவுக்கென்று விரிவாக்கப்பட்டு வெளியாயிற்று. 1959இல் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவும் வாசித்துக் குழுவையும் நடத்தினார். கடைசிப் பகுதிக்கு முன் வரும் அந்த நீண்ட மெட்டை அவர் அவசரமின்றி, அணைத்தாற்போல் வாசிக்கிறார். அந்த இடத்தில் கண் கலங்காதவர் குறைவு.

1979இல் ‘மன்ஹாட்டன்’ என்ற அமெரிக்கப் படத்துக்காக, பம்பாயில் பிறந்த நம் ஜூபின் மேத்தா நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவை நடத்தினார். பியானோ கேரி கிராஃப்மன். கறுப்பு வெள்ளையில் காட்டப்படும் நகரத்தின் மேல் அந்த இசை அலையலையாக எழுகிறது. நடனக் கொட்டகையில் தொடங்கிய மெட்டு ஒரு மாநகரத்தின் மங்கள இசையாகவே மாறிவிட்டது.

இன்று இவற்றைக் கைபேசியிலேயே கேட்கலாம். ஐந்தையும் முழுதாகக் கேட்க நேரமில்லாதவர்கள் இரண்டே இடங்களை ஒப்பிட்டால் போதும்: கிளாரினெட் ஏறும் முதல் நிமிடம், பிற்பாதியில் வரும் அந்த நீண்ட மெட்டு. துள்ளலுக்கு 1927, உருக்கத்துக்கு 1959. இது என் காதின் தீர்ப்பு. உங்கள் காது வேறு சொல்லலாம். ஆனால் ஒன்று நிச்சயம். கெர்ஷ்வினின் சொந்தத் தட்டுகள் இல்லாதிருந்தால், நிதானமாக வாசிப்பதே அசல் என்று உலகம் நம்பியிருக்கும்.

நம் பக்கத்திலும்

இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? அகளியை அடுத்த நக்குபதி ஊரைச் சேர்ந்த நஞ்சியம்மா, ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தாமே கட்டிய இருளர் மொழிப் பாட்டைத் தாமே பாடினார். 2022இல் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் கேட்டார்கள். நாளை நூறு பேர் அதே பாட்டை மெருகேற்றிப் பாடலாம். அது எந்தக் குரலில், எந்த நடையில் பிறந்தது என்பதற்குச் சாட்சி அவருடைய பதிவுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தாலாட்டோ நடவுப் பாட்டோ தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள். கைபேசியில் பதிந்து வையுங்கள். இருமல் வந்தால் வரட்டும். கோழி கூவினால் கூவட்டும். பின்னால் அதை அழகாகப் பாட ஆள் கிடைப்பார்கள். அந்தக் குரல் கிடைக்காது.