ஆய்வாளரைப் பின்தொடரும் ஆய்விதழ்த் தளங்கள்

ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனங்கள் கட்டுரைகளை விற்பதோடு, படிப்பவரைப் பற்றிய தரவுகளையும் சேர்க்கின்றன. யார், எப்போது, எதைத் தேடினார், எந்தக் கட்டுரையைப் பதிவிறக்கினார் என்பதெல்லாம் பதிவாகிறது. ஆய்வுச் சுதந்திரத்துக்கே இது ஆபத்து என்று ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. 2021-இல் எச்சரித்தது.

ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனமான எல்செவியர், 2013-இல் மெண்டலே எனும் மேற்கோள் மேலாண்மைச் செயலியையும் 2016-இல் எஸ்.எஸ்.ஆர்.என். எனும் முன்வரைவுத் தளத்தையும் வாங்கியது. படிப்பது, குறிப்பெடுப்பது, முன்வரைவு வெளியிடுவது, ஆய்வாளரை மதிப்பிடுவது எல்லாம் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தன. வெளிவராத ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்பதைத் தேடல் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும். எல்செவியரின் பி.டி.எஃப். கோப்புகளில் பதிவிறக்கத்துக்குப் பதிவிறக்கம் மாறும் தனிக் குறியீடு பதிக்கப்படுவது 2022-இல் அம்பலமானது. இணையப் பாதுகாப்புக்காக என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

இத்தனைக்குப் பிறகும் ஆய்வாளர்கள் பலர் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதை யோசிக்காமல் அழுத்துகிறார்கள். பல்கலைக்கழக நிர்வாகங்கள் பலவும் சந்தாத் தொகைக்குப் பேரம் பேசுகின்றனவே தவிர, ஒப்பந்தத்தின் தரவுப் பிரிவைப் புரட்டிப் பார்ப்பதில்லை. இது பொறுப்பற்ற செயல்.

பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜி.டி.பி.ஆர். எனும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 15ஆம் பிரிவின்படி, தன்னைப் பற்றிய தரவுகளின் நகலை எவரும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். எல்செவியர் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்டது என்பதால் இந்த விதிமுறை அதற்குப் பொருந்தும். ஆகவே இந்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அதன் இதழ்களைப் படிக்கும் இந்திய ஆய்வாளரும் கேட்கலாம்.

விண்ணப்பத்தை நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கணக்கின் மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டு, நான்கு விவரங்களைக் கேட்க வேண்டும்: தேடல்-பதிவிறக்கப் பதிவுகள், அவற்றைச் சேர்க்கும் நோக்கம், யாருக்குத் தரப்பட்டன, எத்தனை காலம் வைத்திருப்பார்கள். அனுப்பிய தேதியுடன் நகலைப் பத்திரப்படுத்துவது கட்டாயம். ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கைக்கு மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதையும் முதல் மாதத்திலேயே தெரிவித்தாக வேண்டும். பதில் இல்லையென்றால் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் 77ஆம் பிரிவின்கீழ் புகார் செய்யலாம். தரவை நீக்கக் கோர 17ஆம் பிரிவும், பயன்படுத்துவதை எதிர்க்க 21ஆம் பிரிவும் உண்டு.

நூலகர்கள் சந்தாவைப் புதுப்பிக்கும்போது, வாசகர் தரவை விற்கவோ பிறருக்குத் தரவோ கூடாது என்ற நிபந்தனையை எழுத்தில் பெற வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. ஆய்வாளர்கள் நூலக வழியில் படிக்க முடிந்தால் தனிக் கணக்கு தொடங்கத் தேவையில்லை. குக்கி அனுமதியை மறுத்துவிட்டே படிக்க வேண்டும். மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: படிக்காமல் எதற்கும் சம்மதம் தராதீர்கள்.