தணிந்த குரல்கள்

சுதந்திர இந்தியாவில் சென்னைப் பட்டணம் ராணுவ ஆட்சியைக் கண்டதில்லை. ஆயினும் 1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி இரவு பிரகடனமாகி இருபத்தொரு மாதங்கள் நீடித்த நெருக்கடி நிலையின்போது, சிப்பாய் எவனும் காவல் நில்லாத மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர்த் தெருக்களிலும் ஜனங்கள் அரசியல் பேச்சென்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள் என்று, அக்காலத்தில் இங்கே குடித்தனம் நடத்தியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

முதல் ஏழு மாதம் அந்த பயம் இவ்வளவு நெருங்கவில்லை. பிரகடனத்தைக் கண்டித்த தி.மு.க.வின் ஆட்சி இங்கே நடந்தது. பத்திரிகைகள் மீது மட்டும் மத்திய சர்க்காரின் தணிக்கை இருந்தது. 'துக்ளக்' ஆசிரியர் சோ அட்டையைக் கறுப்பாக்கி வெளியிட்டார். அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை இல்லத்தில் காமராஜர் காலமானார். சகாக்கள் சிறைப்பட்ட வேதனையோடு அவர் போனார் என்று அந்தத் தெருவாசிகள் சொல்லும்போது இன்றும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

1976 ஜனவரி 31ஆம் தேதி கருணாநிதியின் மந்திரிசபை கலைக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறையிலடைக்க இடந்தந்த 'மிசா' சட்டம் அதன்பின் அடுப்பங்கரை வரை தெரிந்த வார்த்தையாயிற்று. மத்தியச் சிறையில் அடிபட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு, மறு ஆண்டு ஜனவரியில் உயிர் நீத்தார்; அச்சிறைக் கொடுமைகளைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது.

ரயில் நேரத்துக்கு வந்தது, குமாஸ்தா பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தார் என்று நினைவுகூர்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நடுநிசியில் கதவு தட்டப்பட்ட வீட்டில் வாழ்ந்தவர் ஒருவரும் ரயிலின் நேரத்தை முதலில் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் முதலில் சொல்வது ஒரு பெயர்ப் பட்டியலை. கைதானவர் பெயர்களை அச்சிடத் தணிக்கை இடம் தராதபோது, 1976 பிப்ரவரி 3ஆம் தேதி அண்ணா நினைவு நாளன்று, கடற்கரைச் சமாதிக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று வரிசையாகப் பெயர்களை வெளியிட்டது 'முரசொலி'. ஏன் வர இயலவில்லை என்று ஒரு சொல்லும் அதில் இல்லை, வேண்டியதும் இல்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்றறியாது தவித்த வீடுகளில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகே உட்கார்த்தி, பெயர் பெயராக விரல் வைத்துத் தேடச் சொன்னார்கள்.