தாணேயில் வீடு வாங்கும் முன்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள், இன்னும் ஒரு அறை கிடைக்குமென்று தாணேக்கும், அதையும் தாண்டி டோம்பிவிலி, கல்யாண், பத்லாபூருக்கும் குடிபோவது பல ஆண்டுகளாக நடக்கிறது. டோக்கன் பணம் கொடுப்பதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஏரியா எப்படி? ராத்திரி லேட்டா வந்தா பயமில்லையே?" ஏஜென்ட் கேட்டையும் கேமராவையும் வாட்ச்மேனையும் காட்டுவார். கூடவே, இங்கே குற்ற விகிதம் குறைவு என்றும் சொல்வார். அந்த ஒரு சொல்லை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தன் ஆண்டறிக்கையில் 19 பெருநகரங்களின் குற்ற விகிதத்தைத் தனியாகத் தருகிறது. அதில் கோயம்புத்தூர் உண்டு, கோழிக்கோடு உண்டு. தாணே தனி நகரமாக இல்லை. தாணேக்கென்று கிடைக்கும் எண்கள் போலீஸ் கமிஷனரேட் அளவிலானவை. அந்தக் கமிஷனரேட்டின் எல்லைக்குள் தாணே நகரம், விசைத்தறி ஓடும் பிவண்டி, உல்ஹாஸ்நகர், கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத், பத்லாபூர் எல்லாம் அடக்கம். கோட்பந்தர் ரோட்டில் ஒரு சொசைட்டியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்த எண் அவர் தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது. நல்லதும் சொல்லாது, கெட்டதும் சொல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. குற்ற விகிதம் என்பது நடந்த குற்றங்களின் கணக்கல்ல, பதிவான எஃப்.ஐ.ஆர்.களின் கணக்கு. பதிவு செய்யத் தயங்கும் ஸ்டேஷனின் எல்லை, ஏட்டில் அமைதியான எல்லையாகத் தெரியும். 2024 ஆகஸ்டில் பத்லாபூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். புகார் கொடுக்கப் போன பெற்றோர் எஃப்.ஐ.ஆர். பதிவாவதற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 20 அன்று ஊரே ரயில் நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தை மறித்தது. அதன் பிறகுதான் போலீசார் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மும்பை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013லேயே தீர்ப்பளித்துவிட்டது. பதினோரு வருடம் கழித்தும் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு அது தானாகக் கிடைக்கவில்லை.

ஆகவே எழுத்தில் புகார் கொடுங்கள். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்கிறது. மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

திருடனைப் பற்றியும் செயின் பறிப்பைப் பற்றியும் நாம் விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் தாணேயின் குடியிருப்புகளில் ஒரே மாலையில் அதிகப் பேரைக் கொன்றது திருடனல்ல.

2013 ஏப்ரல் 4, மும்ப்ராவை ஒட்டிய ஷீல் பகுதி. அனுமதியில்லாத நிலத்தில் அவசர அவசரமாக எழுந்த கட்டடம் அது. ஏழு மாடி எழும்பி, மேலே இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே கீழே குடும்பங்கள் குடியேறிவிட்டன. மாலையில் அது மொத்தமாகச் சரிந்தது. 74 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். கட்டியவர்கள் மட்டுமல்ல, மாநகராட்சி அதிகாரிகளும் போலீசாரும்கூடக் கைதானார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே, அத்தனை பேர் கை நனைய, ஒவ்வொரு மாடியாக ஏறிய குற்றம் அது. குற்ற விகிதம் வழக்குகளைத்தான் எண்ணுகிறது, செத்தவர்களை அல்ல. அது சரிந்ததற்கு முந்தைய நாள்வரை எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்தக் கட்டடம் ஆபத்தாகத் தெரிந்திருக்காது.

அதோடு ஓய்ந்ததா? அதே ஷீல் பகுதியில் சட்டவிரோதமாகக் கட்டப்பட்ட 17 கட்டடங்களை இடிக்கச் சொல்லி மும்பை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் உத்தரவிட்டது. அதில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது.

டோம்பிவிலியில் நடந்தது இன்னும் கொடுமை, ஏனென்றால் அங்கே ஏமாந்தவர்கள் காகிதம் பார்த்து வாங்கியவர்கள். மாநகராட்சியின் கட்டுமான அனுமதி போலவே போலிக் காகிதம் தயாரித்து, அதைக் காட்டி மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவின் பதிவெண் வாங்கி, 65 கட்டடங்கள் விற்கப்பட்டன. பதிவெண் இருந்ததால் வாங்கியவர்கள் நம்பினார்கள். 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவற்றை இடிக்கச் சொன்னது. ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள், சேமிப்பையெல்லாம் போட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்த நாள் புல்டோசர் வருமோ என்று பதறின. குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் ஒரே கையெழுத்தில் கொண்டுபோன களவு இது. பீரோவை உடைத்து எடுத்தவன்கூட இவ்வளவு எடுத்ததில்லை.

ஆகவே ரேரா எண் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். கட்டுமான அனுமதிக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் நகரத் திட்டத் துறைக்கே போய், இது உங்கள் ஏட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. அந்த முப்பது நாள் பொறுக்க முடியாது என்று பில்டர் அவசரப்படுத்தினால், அந்த பிளாட்டை விட்டுவிடுங்கள். கட்டி முடித்த வீடென்றால் ஓ.சி., அதாவது குடியேறலாம் என்ற சான்றிதழைக் கேளுங்கள். "ஓ.சி. வந்துகொண்டே இருக்கிறது" என்பது பதில் இல்லை.

பழைய வீடு வாங்குகிறவர்களும் வாடகைக்குப் போகிறவர்களும் வேறொன்றைப் பார்க்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய கட்டடத்துக்கு உறுதித் தணிக்கை செய்ய வேண்டுமென்று மகாராஷ்டிரச் சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கையைச் சொசைட்டி செயலாளரிடம் கேட்டு, கையில் வாங்கிப் படியுங்கள். மழைக்காலத்துக்கு முன் தாணே மாநகராட்சி அபாயகரமான கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறது. சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2 ஏ என்றால் காலி செய்துவிட்டுப் பழுதுபார்க்க வேண்டியது. சி-2 பி, ஆட்கள் இருக்கும்போதே பழுதுபார்க்கலாம். சி-3, சிறிய பழுது. இவற்றில் முதல் இரண்டில் இருக்கும் கட்டடத்தில் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் ஜூன் மழை தொடங்குவதற்கு முன் வெளியேற வழி பாருங்கள்.