ஆற்றின் வாயில் மணல்!

கிண்டித் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டும் தோழரைக் கேளுங்கள், பட்டினப்பாக்கத்துக் கடலோரத்து மணல்மேட்டுக்கும் அவர் பிழைப்புக்கும் என்ன உறவு என்று! "அது எங்கோ கிடக்கிறது, நமக்கென்ன?" என்று 2015-க்கு முன்பு சொல்லியிருப்பார். இன்று சொல்லமாட்டார்.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கிற்று. வழியில் பெய்த மழையும் சேர்ந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடும் பட்டறையும் மூழ்கின. அத்தனைக்கும் மணல்மேடுதான் காரணம் என்று நாம் கூறவில்லை. ஏரி திறந்த நேரம், ஆற்றங்கரையை விழுங்கிய கட்டடங்கள் என்று கணக்கு நீளும். ஆனால் கடல் வாயில் அடைத்துக்கொண்டால் வெள்ளம் எங்கே போகும்? நம் வாசலுக்குத்தானே!

மணல் ஏன் சேருகிறது? ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்ந்தடித்து மணலை வடக்கே தள்ளுகிறது. ஆற்றில் ஓட்டமிருந்தால் அதைக் கழுவித் தள்ளிவிடும். கோடையில் அடையாற்றில் ஓட்டம் ஏது? சாக்கடைதான் தேங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இயந்திரம் வந்து வெட்டும்; அலை வந்து மூடும். வெட்டிய கூலி மணலோடு போயிற்று!

இருபுறமும் கடலுக்குள் பாறைச்சுவர் நீட்டினால் வாய் நிலைக்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் தோழர்களே, இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும்! 1876-இல் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்தது, மெரினா அகன்றது. நகரம் காற்று வாங்கியது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்றது, கரையைக் கடல் தின்றது. அங்கே குடிசை இழந்தவன் மீனவன்.

அடையாற்று வாய்க்கு வடக்கே இருப்பது யார்? சீனிவாசபுரத்து மீனவர்! கிண்டித் தொழிலாளியைக் காக்கக் கட்டும் சுவர், சீனிவாசபுரத்துத் தொழிலாளியின் கரையைப் பறிக்கலாமா?

பறிக்காமலும் கட்டலாம். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று வாயில் 2001 முதல், தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே இறைத்து வடகரையில் சேர்க்கிறார்கள். ஓராண்டு வேலையல்ல, ஆண்டுதோறும்!

அடையாற்றுச் சுவருக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் நாள் வந்தால், கல்லுக்கான செலவோடு மணலை வடகரைக்குக் கொண்டுபோகும் செலவும் அதே தாளில் இருக்கிறதா என்று கேட்போம். கிண்டியும் சீனிவாசபுரமும் சேர்ந்தே கேட்போம்.