மூன்று அலகு மடக்குக் கத்தி

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் பழகிய மடக்குக் கத்தி ‘ஸ்டாக்மேன்’. அதற்கு மூன்று அலகுகள். கூர்நுனி அலகு பொது வேலைக்கு. நேர்விளிம்பு அலகு கயிறு, தோல் அறுக்க. நுனி மழுங்கிய மூன்றாவது, காளைக் கன்றுக்குக் காயடிக்க! இன்று அதில் ஆரஞ்சு உரிப்பவர்களே அதிகம் போலும்.

மலேசியாவில், அம்பாங் வீட்டு அலமாரியில் இருக்கும்வரை அது சேகரிப்பு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்ஆர்டி ரயிலில் ஏறினால் கதை வேறு. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அபாய ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிறையோடு பிரம்படியும் உண்டு. மடக்குக் கத்திதானே என்ற வாதம் எடுபடாமலும் போகலாம்.

நம் ஊர் ஈரக்காற்றில் கார்பன் எஃகு அலகு சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்துவிட்டு, மடங்கும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.