பாசலில் மருந்து, திருவள்ளூரில் கண்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ரைன் ஆற்றின் வலக்கரையில் ரோஷ் நிறுவனத்தின் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள் நிற்கின்றன. உயரமானது 205 மீட்டர். மறுகரையில் நோவார்ட்டிஸ் வளாகம். சர்க்கரை நோயால் கண் மங்குகிறவர்களுக்கு உலகெங்கும் போடப்படும் முக்கியமான ஊசிகளில் சில இந்த இரண்டு நிறுவனங்களுடையவை. லூசென்டிஸ் ஊசியை அமெரிக்காவுக்கு வெளியே விற்றது நோவார்ட்டிஸ். 2022-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற வபிஸ்மோ ரோஷுடையது.

சர்க்கரை கூடிய ரத்தம் ஆண்டுக்கணக்கில் ஓட ஓட, விழித்திரையின் நுண்குழாய்கள் நைந்து, ஆங்காங்கே புடைத்துக் கசிகின்றன. ரத்தம் எட்டாத இடங்கள் புதுக் குழாய்களை வளர்க்கத் தூண்டும் புரதமொன்றைச் சுரக்கின்றன. அப்படி முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை. உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அந்தப் புரதத்தைத்தான் ஊசி அடக்குகிறது. கண்ணை மரக்கச் செய்து, வெள்ளை விழியில் மெல்லிய ஊசியை இறக்குவார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் மாதம் ஒன்று.

ஆனால் நோய் வலிப்பதில்லை. பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரைப் படத்தில் சிவப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். படம் எடுத்தால்தான் தெரியும். பாசலின் மருந்து பலன் தருவதும் தராததும் அந்தப் படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஒரே நாட்டுக்குள் ஊருக்கு ஊர் கணக்கு மாறுவது இங்கேதான் கவனிக்க வேண்டியது. சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. அதே மருத்துவமனை காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் பார்த்தபோது 10.3 சதவீதம். கிராமத்துக்காரர் தப்பித்தார் என்று இதைப் படிக்கக் கூடாது. கண்ணைக் கெடுப்பதில் முதலிடம், நோயோடு வாழ்ந்த ஆண்டுகளுக்கு. கிராமத்துக்குச் சர்க்கரை பிந்தி வந்தது. கண் பாதிப்பும் பிந்தித்தான் வரும்.

மாநிலங்களுக்கும் இது பொருந்தும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி, கோவாவில் 26.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். உத்தரப் பிரதேசத்தில் 4.8 சதவீதம்தான். ஆனால் அங்கே சர்க்கரையின் வாசலில் நிற்பவர்கள் அதைப் போல் பல மடங்கு. இன்றைய 4.8-ஐ நம்பி அங்கே கண் மருத்துவத்தைத் திட்டமிட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும் கூட்டம் பார்வை இழந்து வந்து நிற்கும் என்பதே என் அச்சம்.

பத்து மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் நடந்து 2022-இல் வெளியான ஸ்மார்ட் இந்தியா ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருந்தவர்களிலும் சுமார் 8 சதவீதம் பேரின் விழித்திரை ஏற்கெனவே பழுதாகியிருந்தது. இவர்கள் எந்த மருத்துவரின் சீட்டிலும் இல்லாதவர்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு விடை பாதி உருவாகியிருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள் சிற்றூர்களில் இயங்குகின்றன. அங்கே பரிசோதிக்கப்படுகிறவரை, தொலைவிலிருக்கும் மருத்துவர் திரைவழியே பார்த்துக் கருத்துச் சொல்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறது. மாத்திரை வரும் வாசலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைக் கேமராவும் வர வேண்டும்.

பாசல் தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று சுமார் அறுபது. 'சீனி வருத்தம்' (சர்க்கரை நோய்) பேசப்படாத வீடு குறைவு. சுவிஸ் காப்புறுதியில் மாதப் பணத்தைக் குறைக்க 2,500 பிராங்க் பிராஞ்சீஸ் எடுத்தவர், ஆண்டின் அந்த முதல் 2,500 பிராங்கைத் தானே கட்ட வேண்டும். கண்ணில் குறையில்லாதபோது படம் எடுக்கப் போக மனம் வராது. சீனி வருத்தம் உறுதியானவர்கள் பிராஞ்சீஸை 300-க்கு இறக்குவது பற்றிக் கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான மாற்றத்தை இலையுதிர் காலத்திலேயே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிவிட வேண்டும்.