முனியாண்டி சாமி அடுப்படியில் ஒரு ராத்திரி

விடியக்காலை ஐந்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டிருக்கிறீர்களா? பல் விளக்கின கையோடு, டீ கூடக் குடிக்காமல், ஆவி பறக்கப் பறக்க ஆட்டுக்கறிப் பிரியாணி! காசு வேண்டாம். எந்த ஊர், என்ன ஆள் என்ற விசாரணையும் வேண்டாம். தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை ராத்திரி கண் விழிக்கத் தயாராக இருந்தால் போதும். எழுமலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பேரையூர், டி.கல்லுப்பட்டி தாண்டிக் கிழக்கே வண்டியை விடுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரத்து வடக்கம்பட்டியின் முனியாண்டி சாமி திருவிழாதான் நம் இலக்கு. வழி தெரியாவிட்டாலும் கவலை இல்லை, கிட்டே போனால் மசாலா வாசம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் ஒரு சம்சாரி. எஸ்.வி.எஸ். சுப்பா நாயுடு என்று பெயர். எழுமலை மாதிரியே வானம் பார்த்த பூமிதான் வடக்கம்பட்டியும். மழை ஏமாற்றினால் அடுப்பும் ஏமாற்றும். அப்படி ஒரு கஷ்ட காலத்தில் அவர் கனவில் ஊர்க் காவல் தெய்வம் முனியாண்டி வந்து, சோற்றுக்கடை போடச் சொன்னதாக ஊரில் சொல்கிறார்கள். சாமி சொன்னால் தட்ட முடியுமா? 1937-ல் காரைக்குடியில் கடையைத் திறந்தார். பெயர்ப்பலகையில் தன் பெயரைப் போடாமல் யோசனை சொன்னவரின் பெயரையே போட்டுவிட்டார். அதுதான் முதல் முனியாண்டி விலாஸ்!

கடை ஓடியது. ஓடியது என்ன, பறந்தது! குடும்பம் நிமிர்ந்ததும் மனுஷன் சாமியை மறக்கவில்லை, ஊருக்கு வந்து பொங்கல் வைத்து அன்னதானம் போட்டார். அக்கம்பக்கத்துக்காரர்களும் அதே வழியில் கிளம்பினார்கள். கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் சப்ளையராகி, மாஸ்டராகி, இன்னோர் ஊரில் தனிக்கடை போட்டு அதே பெயரை மாட்டிக்கொண்டார். தலைமை அலுவலகம் கிடையாது, பெயருக்கு ராயல்டி கிடையாது. நெடுஞ்சாலையில் கண்ணில் படும் ஒவ்வொரு முனியாண்டி விலாஸுக்கும் முதலாளி வேறு, கறிக்குழம்பின் ருசியும் வேறு.

இப்போது திரைக்குப் பின்னால் உள்ள ரகசியம். காலையில் கடை திறந்ததும் முதல் ஆள் சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கிற காசு கல்லாவுக்குப் போகாது, முனியாண்டிக்கு என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள். தினமும் இப்படிச் சேர்ந்த காசுதான் திருவிழாவில் பிரியாணியாகிறது. ஆக, என்றைக்காவது ஏதோ ஓர் ஊரில், பஸ்ஸை விட்டு இறங்கிய பசியில், முனியாண்டி விலாஸின் முதல் வாடிக்கையாளராக நீங்கள் உட்கார்ந்திருந்தால், வடக்கம்பட்டி அண்டாவில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது!

வெள்ளிக்கிழமை மாலை கோயிலைச் சுற்றி ஒரே ஜேஜே. பெண்கள் பால்குடம் எடுக்கிறார்கள். தேங்காய், பழம், பூ வைத்த தட்டுகளோடு ஊர்வலம் வருகிறது, கொட்டுச் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. வெளியூரில் கடை வைத்திருக்கும் சொந்தபந்தமெல்லாம் ஊரில் ஆஜர். ஆனால் நமக்கு வேண்டியது ராத்திரி நடக்கும் வேலை. நேர்ந்துவிட்ட கிடாய்கள் வெட்டப்பட்டதும் அடுப்படி விழித்துக்கொள்கிறது.

2019 திருவிழாவுக்கு 1,000 கிலோ அரிசி, 250 ஆடு, 300 கோழி என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டுக்குப் பத்துக் கிலோ கறி என்று குறைத்து வைத்தாலும் 2,500 கிலோ. அரிசியைப் போல இரண்டரை மடங்கு கறி! கல்யாண வீட்டில் சோற்றுக்குள் கறியைத் தேடுவோம். இங்கே கறிக்குள் சோற்றைத் தேட வேண்டும்.

இவ்வளவையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் அடியில் இருப்பது குழைந்துவிடும், மேலே இருப்பது வேகாது. அதனால் வரிசையாக அண்டாக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனி விறகு. வெங்காயம் உரிக்கிற பக்கம் போய்விடாதீர்கள், துக்க வீடு தோற்றுவிடும்! பட்டை, கிராம்பு பொரிந்து, இஞ்சி பூண்டின் பச்சை வாசனை போய், கறி முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் அரிசி இறங்கும். வீட்டுக் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் காரியம் கெட்டது. பெரிய அண்டாவில் ஆவியாகிப் போகிற தண்ணீர் குறைவு, கறியும் தண்ணீர் விடும். அளவைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? அதற்குப் படி, லிட்டர் எதுவும் உதவாது, மாஸ்டரின் கண்ணுக்குத்தான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே கூடியிருக்கிற கை ஒவ்வொன்றும் கைதேர்ந்த கை. தன் கடையில் அவரவர் ராஜா. எல்லா ராஜாக்களும் ஒரே அடுப்படியில் நின்றால் உப்பு பார்ப்பது யார்? “தீய இழுங்கண்ணே, அடி பிடிக்குது!” “ஏப்பா, மூடியத் தொறக்காத, தம்மு போயிரும்!” விறகை வெளியே இழுத்து, கங்கை அள்ளி மூடிமேல் கொட்டுகிறார்கள். மேலும் கீழும் ஒரே சூடு. அடக்கி வைத்த ஆவியில் சோறு பக்குவமாகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அடுப்படியில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

சாமிக்குப் படைத்த பிறகு விநியோகம் ஆரம்பம். தூக்குவாளி, குண்டான், சம்படம் என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களே வரிசையில் நிற்கின்றன. வருஷம் பூராவும் காசு வாங்கிச் சோறு போடுகிறவர்கள் இன்றைக்கு வாங்காமல் போடுகிறார்கள். சுப்பா நாயுடுவை நினைக்க இதைவிடப் பொருத்தமான வழி எது? தொழில் அவர் காட்டிக்கொடுத்தது. அதில் வந்த காசில் ஒரு பங்கு ஊர் வயிற்றுக்கு என்கிற வழக்கமும் அவரைத் தொட்டே வருகிறது. மேடை போட்டு அவர் புகழ் பாடினால் பத்து நிமிஷத்தில் கொட்டாவி வரும். பிரியாணி போட்டால் அடுத்த தைக்கும் ஆள் வரும்!

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாத்திரத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்துப் போங்கள், வீட்டில் தூங்குகிறவர்களுக்கும் பிரசாதம் வேண்டுமல்லவா? தையில் லீவு கிடைக்கவில்லையா? மனதைத் தளர விடாதீர்கள். தைத் திருவிழா நாயுடுமார் நடத்துவது. முனியாண்டி விலாஸ் நடத்தும் ரெட்டியார்கள் மாசி இரண்டாவது வெள்ளிக்கு இதே சாமிக்கு இதே மாதிரி அடுப்பு மூட்டுகிறார்கள். இரண்டுக்கும் போய்வந்து எந்தப் பிரியாணி உசத்தி என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது முனியாண்டியே வாய் திறக்காத விவகாரம்!